சலித்துக்கொள்ள ஒரு வயல்

சிங்கப்பூர் துறைமுகத்தில் எங்களோடு மூட்டை தூக்கியவர் அவர். சீர்காழிப் பக்கத்துப் பண்ணையாள் குடும்பம். நெடுநெடுவென்று இருப்பார். அகலமான சாலையிலும் வரப்பில் போவதுபோல கால் பார்த்தே நடப்பார்.

ஊரில் ஆட்சி மாறிய சேதி வானொலியில் வந்த மாலை, டீக்கடையில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இனி ஊருக்குப் பள்ளிக்கூடம் வரும், பஸ் வரும், கரண்டு வரும் என்று ஆளாளுக்குக் கத்தினோம்.

"உங்களுக்கு என்னண்ணே வேணும்?" என்று அவரைக் கேட்டேன்.

"உழுறவனுக்கு நிலம் வரும்ல? என் வயல்ல நின்னு, 'சே, என்ன மழை இது'ன்னு சலிச்சுக்கணும்ப்பா. இதுவரைக்கும் பண்ணையார் சலிச்சுக்கிறதைத்தான் கேட்டிருக்கேன்."

உடனே பெஞ்சில் ஏறி, இடுப்பில் கைவைத்து, கூரையைப் பார்த்துச் சலித்துக் காட்டினார். கடையே குலுங்கிச் சிரித்தது.

அவருக்கு நிலம் கிடைத்ததா, தெரியாது. அவ்வளவு சந்தோஷமான சலிப்பை வேறு யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை.