கிழிந்த தகரமும் அம்மாவின் ரொறன்ரோப் பயணமும்

பிள்ளைகள், உங்கள் அம்மா ரொறன்ரோவுக்குப் போகமாட்டன் என்று பிடிவாதமாக நின்ற கிழமை உங்களுக்கு நினைவிருக்காது. சின்னவன் தள்ளுவண்டியில் இருந்தான். மூத்தவள் இங்கிலீசு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள்.

அங்கே அம்மாவின் தங்கச்சிக்கு, உங்கள் சித்திக்கு, கலியாணம். ஊரில் சண்டை, அம்மாவின் தாய் தகப்பன் கொழும்புக்குக்கூட வர ஏலாது. அம்மாவும் போகாவிட்டால் சித்தி மணவறையில் இருக்கும்போது பெண் பக்கம் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. ஆனால் அம்மா லண்டனுக்கு வந்த விமானம் வழியில் ஒரு தரம் பள்ளத்தில் விழுந்ததுபோல் விழுந்து எழும்பியதாம். அதற்குப் பிறகு வீட்டுக்கு மேலால் பிளேன் இரைந்தாலே தையல் மெசினை நிறுத்திவிட்டு, சத்தம் போகும்வரை முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பா.

எனக்கு அப்போது ஹீத்ரோவில் விமானங்களுக்குள் கூட்டித் துடைக்கிற வேலை. குப்பைப் பையோடு ஏறும்போதெல்லாம் அந்த மெல்லிய சுவரில் கை வைத்துப் பார்ப்பேன். இதையா நம்பி இத்தனை சனம் மேகத்துக்கு மேலே போகுது என்று மலைப்பாக இருக்கும். அம்மாவும் இதைச் செய்திருக்கிற விதத்தைக் கிட்ட நின்று பார்த்தால் பயம் போய்விடும் என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலியர்ஸ் வுட்டில் ரயில் ஏறி, நகரத்து நூதனசாலை ஒன்றுக்கு எல்லாரையும் கூட்டிப்போனேன்.

முகட்டில் முழு விமானங்களே தொங்கின. அம்மா போய் நின்றதோ ஒரு கிழிந்த தகரத்துக்கு முன்னால்.

"உதென்ன?"

மூத்தவள் பலகையை வாசித்தாள். உலகத்தில் முதல்முதல் ஆட்களை ஏற்றிய ஜெட் விமானத்தின் துண்டு. அதுவரை ஒருவரும் போகாத உயரத்தில், குலுங்காமல் பறந்ததாம். கொஞ்சக் காலத்துக்குள் அப்படி இரண்டு விமானங்கள் நடுவானில் உடைந்து கடலில் விழுந்துவிட்டன. இது கடலின் அடியிலிருந்து எடுத்தது.

"பயம் தெளிய நல்ல இடம்தான் பார்த்திருக்கிறியள்," என்றா அம்மா.

நான் தள்ளுவண்டியைத் திருப்பினேன். மூத்தவள் விடவில்லை. "அப்பா, பிறகு இன்னொரு பிளேனைத் தண்ணிக்குள்ள வைச்சவையாம்."

வேலையிடத்து மெக்கானிக்மார் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேலே காற்று ஐதாக, அடர்த்தி குறைந்து இருப்பதால் விமானத்துக்குள் காற்றை அடைத்துக்கொண்டு போகவேண்டும். ஏறும்போது அதன் உடம்பு கண்ணுக்குத் தெரியாமல் ஊதும், இறங்கும்போது சுருங்கும். இப்படித் திரும்பத் திரும்ப ஊதிச் சுருங்கினால் என்ன ஆகும் என்று அறிய, அதேமாதிரி இன்னொன்றின் உடம்பைப் பெரிய தொட்டிக்குள் வைத்து, தண்ணீரை உள்ளே அழுத்துவதும் விடுவதுமாக, பறக்காமலே ஆயிரக்கணக்கான தரம் பறக்கவைத்திருக்கிறார்கள். கடைசியில் அது பிளந்தது. ஜன்னல்போல் வெட்டிய ஓட்டைகளின் மூலையில்தான் கெடுதி இருந்தது. அந்த ஓட்டைகள் ஏறக்குறையச் சதுரம்.

"மூலையில கிழியும்தானே," என்றா அம்மா. "சதுரக் கழுத்து வைச்ச சட்டையும் அங்கதான் பிரியும். உது தெரியாமலோ வெட்டினவை?"

"துணி வேற, தகரம் வேற எண்டு நினைச்சிருப்பினம்."

"அப்ப ஏறிப்போன சனம்?"

 அம்மா தகரத்துக்கு இன்னும் கிட்டப் போனா. மற்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தகரத்தின் விளிம்பு, கையால் கிழித்த கடதாசிபோல் இருந்தது.

"இஞ்சாருங்கோ," என்றா. "டூட்டிங்கில இருக்கிற அக்கா ஒராளுக்கு நான் தைச்ச சட்டை கக்கத்தில பிரிஞ்சு திரும்பி வந்ததெல்லே, என்ன செய்தனான் தெரியுமோ?"

"திருப்பித் தைச்சுக் குடுத்தனீர்."

"இல்லை. வேற துணியில புதுசு தைச்சுக் குடுத்திட்டு, அதை ஒருத்தர் கண்ணிலயும் படாமல் குப்பையில போட்டனான். இவை பிழைச்சதைக் கடலுக்குள்ளயிருந்து தேடி எடுத்து, ஊருலகம் பார்க்கட்டும் எண்டு நடு நகரத்தில வைச்சிருக்கினம்."

"ஓம்."

"உப்பிடிப்பட்ட ஆக்கள் அடுத்ததைக் கவனமாத்தான் செய்திருப்பினம். வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

அவ்வளவுதான். அன்று பின்னேரமே சித்தியின் கூறைச்சேலைக்குப் பொருத்தமான சட்டைத்துணி தேடி டூட்டிங் கடைகளில் ஏறி இறங்கினோம்.

போகும் நாளில் உங்கள் இருவரையும் கொஞ்சிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தா.  அடுத்த நாள் போன் வந்தது. பின்னால் ஒரே ஆரவாரம். பயந்தனீரோ என்று கேட்டேன்.

"வடிவாப் பயந்தனான்," என்றா. "பொறுங்கோ, தங்கச்சிக்குத் தலை இழுத்துப் பின்னவேணும். இஞ்ச என்னை விட்டால் ஆளில்லை."