வெந்நீரில் போட்ட லெட்டூஸ்

உப்பும் வெந்நீரும் கலந்த பாத்திரத்தில் லெட்டூஸ் இலைகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள் நர்ஸம்மா. அது தெருக்காரர்கள் வைத்த பெயர். முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள். பச்சையாக எதையும் அவர்கள் தட்டில் வைத்தவள் இல்லை. எடுத்த இலையெல்லாம் நனைந்த கைக்குட்டை மாதிரி தொங்கியது.

முடிதிருத்தும் கடை வைத்திருந்த கணவருக்கு இரண்டு வருஷமாகக் கை நடுக்கம். சவரக்கத்தியைக் கீழே வைத்தாயிற்று. இப்போது ஸ்பூனும் அடங்கவில்லை. வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில். ஊட்டினாலோ, நாலு வாய்க்கு மேல் திறக்க மாட்டார். மூன்று மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டார். அவரே எடுத்துச் சாப்பிடும்படி ஏதாவது செய்தாக வேண்டும். கோழிக் கொத்துக்கறியைச் சோயா சாஸில் வதக்கி, லெட்டூஸ் இலையில் சுருட்டிக் கொடுத்தால் சிந்தாது என்று மகள்தான் போனில் சொல்லியிருந்தாள்.

இலை வாடிய கதையைச் சொன்னதும் மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது கீரை இல்லம்மா. ஜில்லுனு இருக்கிற தண்ணில போடணும்," என்றாள்.

முழங்கால் வலியோடு மறுபடியும் கடைக்கு நடந்தாள். இந்த லெட்டூஸ் வாடவில்லை, உரிக்கும்போது கிழிந்தது. ஒரு முழு உருண்டையில் உருப்படியாகத் தேறியது மூன்றே இலை. இஞ்சி, பூண்டோடு வதங்கிய கறியில் சாஸைத் தாராளமாக ஊற்ற, அது குழம்பாக நின்றது. சோளமாவைக் கரைத்து விட்ட பிறகுதான் ஒருவழியாகச் சேர்ந்து வந்தது. அதற்குள் மணி இரண்டு.

சுருட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு, பயிற்சியில் கற்றபடி முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். அவள் தூக்க, அவர் இழுக்க, இலை பிரிந்து கறி மடியில் விழுந்தது. இரண்டாவதற்கும் அதே கதி. நேராகப் பிடிக்கக்கூடவா தெரியாது என்று அதட்டினாள்.

"முழங்கையை விடு, சிஸ்டர்," என்றார். கோபம் வந்தால் அவள் சிஸ்டர். "நாப்பது வருஷம் அடுத்தவன் கழுத்துல கத்தி வச்சேன். எவனாவது என் கையைப் பிடிச்சிருந்தா அன்னிக்கே கொலைக் கேசு."

"விட்டா அத்தனையும் தரையிலதான் கிடக்கும்."

"தரை தின்னது போக மிச்சம் எனக்குப் போதும்."

பதில் பேசினால் வார்த்தை தடித்துவிடும். பின்பக்கம் போய், துவைக்க வேண்டாத போர்வையையெல்லாம் ஊறவைத்தாள்.

கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் மேஜை, சட்டை, தரை எங்கும் கறித் துணுக்குகள். மூன்றாவது இலையைக் காணவில்லை. மடியில் விழுந்ததைக் கிழிந்த இலையால் வழித்தெடுத்து மென்றுகொண்டிருந்தார். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே போனது என்று அவளால் கணக்கிட முடியவில்லை.

"உப்பு ஜாஸ்தி," என்றார்.

துடைப்பத்தை எடுத்தாள். கூட்டி முடிக்கும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கடை திறந்ததும் இன்னொரு லெட்டூஸ் வாங்கி வந்தாள். குளிர்ந்த தண்ணீரில் அலசினாள். கறியில் உப்பே போடவில்லை. சாஸில் இருந்தது போதும். அவர் நாற்காலிக்கு அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்தாள். தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, வாளியோடு பின்பக்கம் போனாள். உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. போர்வையைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.