காது மெஷினும் சுந்தரம்மாவின் குரலும்

ஆந்திராவின் எல்லையோர ஊரான நகரியில், எங்கள் தெருவில் சுந்தரம்மா ரகசியம் பேசினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விசைத்தறி ஓடும் வீட்டில்தான் குடித்தனம். தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசித் தொண்டை அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. கணவர் கங்கையாவுக்கோ அதே சத்தத்தில் காது போய்விட்டது.

புத்தலப்பட்டில் வாழ்க்கைப்பட்ட மகள் யமுனா போன் செய்தால், கங்கையா போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா சிரிப்பார். ஒரு வார்த்தையும் கேட்காது. அதைப் பார்க்கச் சகிக்காமல் சுந்தரம்மா, சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்துப் போய்த் திருப்பதிக் கடையொன்றில் காது மெஷின் வாங்கினாள். பதினைந்து நாளுக்குள் சரிப்படாவிட்டால் பணம் வாபஸ் என்று வாசலிலேயே போர்டு இருந்தது.

மெஷின் விசில் அடித்ததே தவிர, பேச்சைக் கேட்க விடவில்லை. ஒரு வாரத்திலேயே திருப்பிக் கொண்டுபோனாள். காதில் போட்ட பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். யமுனா நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டு விசாரித்தாள். கோளாறான பொருளைச் சொன்ன கெடுவுக்குள் கொடுத்தால் வாங்கிக்கொண்டு பணத்தைத் தந்தாக வேண்டும், மறுத்தால் சித்தூர் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம் என்றார்கள். கெடு முடிவதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் மறுபடி கிளம்பினார்கள். எதிர்வீட்டுக்காரன் என்று என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டார்கள். எனக்குச் சண்டை என்றாலே ஆகாது.

மேனேஜர் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். சுந்தரம்மா சட்டத்தைச் சொன்னாள், புகார் கொடுப்போம் என்றும் சொன்னாள். அவர் மசியவில்லை. போர்டு போட்டது நிஜந்தான், அது விளம்பரத்துக்கு, மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டுமானால் அதே விலைக்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளுங்கள் என்று தாழ்ந்த குரலில் தெலுங்கில் சொன்னார். அவள் சண்டைக்குப் போகவில்லை. வீட்டில் செய்வதைத்தான் செய்தாள். மேனேஜர் சொன்னதையெல்லாம், மெஷின் மாட்டியிருந்த புருஷன் காதில் தமிழில் ஒப்பித்தாள்.

"பணம் தர மாட்டாங்களாம். போர்டு போட்டது நெஜந்தானாம். அது சும்மா விளம்பரத்துக்காம்."

திருப்பதியில் தமிழ் புரியாதவர்கள் குறைவு. கடையே திரும்பிப் பார்த்தது. பில் போட நின்றிருந்த ஒருவர் பர்ஸை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கம்மா என்று மேனேஜர் கெஞ்சினார்.

"இவருக்குக் கேக்கணும்னுதான் சார் இப்பிடிப் பேசிக்கினு கீறேன். உங்க மெஷின் ஒழுங்கா இருந்தா நான் மெதுவாப் பேச மாட்டேனா?"

மேனேஜர் அவசரமாகக் கல்லாவைத் திறந்தார். மெஷினை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டார்.

கங்கையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா சொல்றாரு?" என்றார். சுந்தரம்மா நோட்டுகளை அவர் கையில் வைத்து மூடினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"வேற நல்ல மெஷினா வாங்கலாம். யமுனா பேசறது கேக்கணும் இல்ல" என்று அவர் காதோரம் குனிந்து ரகசியமாகச் சொன்னாள்.

ரோட்டில் போய்க்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.