மருந்து அடித்த மலையில் என் அண்ணி

மலேசியாவின் கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள் நான். இப்போது ஜெர்மனியில் தாவர மூலக்கூறு அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். சென்ற ஆண்டு என் பேராசிரியரோடும் பல நாட்டு மாணவர்களோடும் களப்பயிற்சிக்காக என் ஊருக்கே வந்தேன். மரபணு ஆய்வுக்குத் தேயிலை இலைகளைச் சேகரிக்க வேண்டும்.

மலையடியில் தோட்டத்து மேனேஜர் எங்களைத் தடுத்தார். "காலையிலதான் பூச்சிமருந்து அடிச்சோம் லா. ஸ்டூடண்ட்ஸ் யாரும் உள்ள போகக் கூடாது. உடம்புக்கு ஆகாது."

பேராசிரியர் அவருக்கு நன்றி சொன்னார். நான் மேலே பார்த்தேன். செடிகளுக்கு நடுவே பெண்கள் வெறுங்கையால் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் அண்ணி.

"அப்ப அவங்க?" என்று கேட்டேன்.

"அவங்களுக்குப் பழகிடுச்சு."

பேராசிரியரிடம் முறையிட்டேன். "அது தோட்டத்தின் விஷயம், நாம் தலையிட முடியாது" என்றார்.

நான் விறுவிறுவென்று மேலே ஏறி அண்ணியின் பக்கத்தில் போய் நின்றேன். "எல்லாரும் இறங்கினாத்தான் நானும் இறங்குவேன்!" என்று கத்தினேன்.

"ஐயோ, போம்மா! எனக்கு வேலை போயிடும்" என்று அண்ணி கெஞ்சினார்.

மாணவிக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று பேராசிரியர் பதறினார். உடனே மேனேஜர் விசிலடித்து எல்லோரையும் கீழே இறக்கினார். என்னைக் காப்பாற்றத்தான், அவர்களை அல்ல.

மறுவாரமே மருந்து அடித்த கையோடு தங்களை மறுபடியும் உள்ளே அனுப்பியதாக அண்ணி போனில் சொன்னார். வேலை மட்டும் போகவில்லையாம்.

அந்த விஷம் என் உடம்பில் மட்டும்தான் ஏறும் என்று நம்புகிற அந்தப் பேராசிரியரிடம்தான் நான் இன்னும் அறிவியல் படித்துக்கொண்டிருக்கிறேன்.