தோடு ஏறி வந்த கோணல் விமானம்

எங்கள் ஊர் பிளெக்ஸ் பேனர்களில் மாப்பிள்ளைக்குப் பின்னால் சிங்கம் நிற்கும், இல்லாவிட்டால் புறா பறக்கும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் என் கடையில் அடித்த பேனர் என்றால், ஏதாவது ஒரு மூலையில் போர் விமானம் ஒன்றும் பறக்கும். யாரும் கேட்பதில்லை, நானாக வைப்பதுதான். மஞ்சள் நீராட்டு விழாவுக்கு, முதுகில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ரேடாரைச் சுமந்துகொண்டு போகிற விமானம். புதுமனை புகுவிழாவுக்கு, வாலைத் தரையில் ஊன்றி நெட்டுக்குத்தலாக மேலே கிளம்புகிற விமானம். ஒருமுறை கண்ணீர் அஞ்சலி பேனரிலும் கை பழக்கத்தில் வைத்துவிட்டேன். இறந்தவரின் மகன் உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா இது, அப்பா மேல போறதுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். திருப்தியாக வாங்கிக்கொண்டு போனார்.

அழகான விமானத்தை எந்த மடையனும் ரசிப்பான். எனக்குப் பிடித்ததெல்லாம், பார்த்தவுடன் 'இது எங்கே பறக்கப் போகிறது' என்று சொல்ல வைக்கிற விமானங்கள். அதிலும் என் உயிர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனிக்காரர்கள் செய்த ஒரு வேவு விமானம். எஞ்சினும் வாலும் ஒரு உடம்பில் இருக்கும். விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டு அந்த உடம்பை விட்டு விலகி, வலது இறக்கையில் தனிக்குடித்தனம் நடத்தும். வாலிலும் ஒரு பக்கத்துச் சிறகைக் கழித்துக் கட்டிவிட்டார்கள். செய்துகொண்டிருந்தவன் பாதியில் டீ குடிக்கப் போய்த் திரும்பி வராத மாதிரி இருக்கும். ஆனால் நேராகப் பறந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதன் மேல் எனக்கு அப்படி ஒரு பாசம்.

கடையில் போர்டு செய்ய வைத்திருக்கும் ஃபோம் ஷீட்டில், கை விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு அந்த விமானத்தை வெட்டி ஒட்டினேன். மோட்டாரும் பேட்டரியும் ரிமோட்டும் பார்சலில் வந்தன. செய்வது சுலபம், ஓட்டுவதுதான் கஷ்டம். விமானம் நம்மை விட்டுத் தள்ளிப் போகும்போது இடது இடதாகவே இருக்கும். திரும்பி நம்மைப் பார்த்து வரும்போது இடது வலதாகிவிடும். அந்த நேரத்தில் மூளை ஒன்று சொல்லும், கை ஒன்று செய்யும். இதற்காகக் கடைக் கம்ப்யூட்டரில் ரிமோட்டைச் சொருகி, திரையிலேயே விமானம் ஓட்டிப் பழகுகிற ப்ரோக்ராம் ஒன்று போட்டு வைத்திருந்தேன். அதில் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டு வறண்ட ஏரிக்குப் போனால், திரும்பி வரும் விமானத்தை ஒழுங்காக வேலிகாத்தான் முள்ளில் கொண்டுபோய்ச் சொருகுவேன்.

ஒரு நாள் பக்கத்து மக்காச்சோளக் காட்டில் விழுந்துவிட்டது. காட்டுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வந்தார். திட்டப்போகிறார் என்று நான் தயாராக நின்றேன். அவர் கண்ணாடிக் கூண்டைத் தட்டிப் பார்த்து, "மருந்து இதுலதான் ஊத்துவீங்களா? ஏக்கராவுக்கு இன்னா ரேட்டு?" என்றார். இப்போதெல்லாம் எங்கள் பக்கம் ட்ரோன் வைத்து மருந்தடிக்கிறார்கள். வானத்தில் எது பறந்தாலும் விவசாயிக்கு அது கூலி வேலைக்கு வந்ததுதான். "இது போருக்குப் போறதுங்க" என்றேன். "அப்ப சோளத்துல இன்னா வேல அதுக்கு?" என்று கேட்டார். விமானத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் தங்கையின் போன் வந்தது. அவளைக் கொடுத்திருப்பது சின்னசேலம் பக்கம், நிலபுலன் உள்ள வீடு. அவள் மகளுக்குக் காது குத்து வைத்திருக்கிறார்கள். நான் தாய்மாமன். பிள்ளை என் மடியில்தான் உட்கார வேண்டும், நான் கொண்டுபோகும் தோட்டைத்தான் போட வேண்டும்.

"ண்ணா, அந்தப் பிளேன மட்டும் எடுத்துக்கினு வந்துடாத" என்றாள். "எங்க அத்தை ஏற்கெனவே உங்கண்ணனுக்கு மறை கழண்டுக்கிச்சான்னு கேக்கறாங்க. தோட்டக் கொண்டாந்தமா, புள்ளய மடியில வெச்சமான்னு இரு. எதுனா ஒண்ணு கோணலாச்சுன்னா நான் அந்த வூட்டுல தல தூக்க முடியாது."

சரி என்றேன். சொன்னபோது மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். ஆனால் மறுநாள் கடைக்கு ஒரு ஆள் வந்தான். அவன் அக்கா மகளுக்கும் காது குத்தாம். குதிரை வண்டியில் சீர் கொண்டுபோகிறானாம், பேனரில் குதிரை பெரிதாகத் தெரிய வேண்டுமாம். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு குதிரைக்கு இந்த அலட்டலா? என்னிடம் விமானமே இருக்கிறது. விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. அதில் தோடு ரெண்டும் ஜம்மென்று உட்காரும். பந்தல் முன்னால் இறக்கி, கூண்டைத் திறந்து தோட்டை எடுத்துக் கொடுத்தால் சம்பந்தி வீட்டார் முகத்தில் ஈ ஆடுமா? தங்கையே பூரித்துப் போவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர்கள் குலதெய்வக் கோயில் கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. சீர்த் தட்டுகளைக் குட்டி யானை வேனில் ஏற்றி, தோட்டைக் கூண்டுக்குள் வைத்த விமானத்தை வாழைத்தாருக்கு அடியில் மறைத்துக் கொண்டுபோனேன். பந்தலுக்குள் ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். எமகண்டம் பிறப்பதற்குள் குத்திவிட வேண்டும் என்று தங்கையின் மாமியார் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். "தோடு எங்க தம்பி?" என்று என்னைக் கேட்டார். "வந்துக்கினே இருக்கு அத்தை" என்றேன். தங்கை என் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் கோயிலுக்குப் பின்னால் ஓடிவிட்டேன்.

அங்கே நின்ற குட்டி யானையிலிருந்து விமானத்தை இறக்கி, மண் பாதையில் வைத்துக் கிளப்பினேன். ஐயோ, என்ன அழகாகக் கிளம்பியது. பந்தலில் இருந்த கூட்டமெல்லாம் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. ரிமோட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நான் பந்தல் முன்னால் நடந்து வந்தேன். மாப்பிள்ளை, "மச்சான், அந்தக் கண்ணாடிக் கூண்டுல இன்னா இருக்கு?" என்றார். "உங்க பொண்ணு தோடு மாப்ள" என்றேன். கூட்டத்தில் ஒரு கைதட்டல். மாமியார் தட்டவில்லை.

ஒரு சுற்று ஒழுங்காகப் போனது. இறக்குவதற்காக எங்களைப் பார்த்துத் திருப்பினேன். அவ்வளவுதான், பழைய கதை. இடது வலதாகிவிட்டது. நான் ஒரு பக்கம் தள்ள, அது இன்னொரு பக்கம் சாய்ந்து, மலையைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. காற்று வேறு பின்னாலிருந்து தூக்கிக்கொண்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட்டத்தில் யாரோ, "மலைக்குப் போற கரியாலூர் பஸ்ஸப் புடிச்சுப் போனாத்தான் தோடு கெடைக்கும்" என்றார்கள். சிரிப்பு. மாமியார் சிரிக்காமல், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பொறந்த வூட்டுச் சீரு காத்துல போவுது. பரவால்ல, நம்ம வூட்டுத் தோடு ஒண்ணு என் பையில கெடக்கு, அதப் போட்டுக்கலாம்."

அந்த வார்த்தை என்னை ஒன்றும் செய்யவில்லை, எனக்குத் தடித்த தோல். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு இனி வருசமெல்லாம் அந்த வீட்டில் இருக்கப் போகிறவள் தங்கை. அவளைத் திரும்பிப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. என்ன ஜென்மம் நான் என்று இருந்தது.

"குடு இங்க."

தங்கைதான். இடுப்பிலிருந்த பிள்ளையை மாப்பிள்ளையிடம் தள்ளிவிட்டு, பட்டுச்சேலை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்து நின்றாள். ரிமோட்டை என் கையிலிருந்து பிடுங்கினாள். நான் ஏதோ சொல்ல வந்தேன். "பேசாத" என்றாள். மலைப் பச்சைக்கு எதிரில் வெள்ளைப் புள்ளியாகிவிட்ட விமானம் மெல்லச் சாய்ந்தது, திரும்பியது. எங்களைப் பார்த்து வந்தது. இப்போதுதானே இடது வலது மாறும். அவள் கட்டைவிரல் நகர்ந்ததே தெரியவில்லை. பந்தல் ஓலைக்கு மேலாக, மாமியார் குனியும்படிக்குத் தாழ்ந்து வந்து, மண் பாதையில் இறங்கி ஓடி, அவள் காலடிக்குப் பக்கத்தில் நின்றது. கூண்டைத் திறந்து தோட்டை எடுத்து ஆசாரியிடம் நீட்டியபோது, அவள் மூச்சு வாங்கியதைப் பார்த்தேன். பயத்தில் வாங்கிய மூச்சு மாதிரி இல்லை அது.

"எப்ப கத்துக்கின?" என்றேன், பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டே.

"சின்னசேலம் பஸ்ஸுக்கு உன் கடையில காத்துக்கினு இருப்பனே, அப்ப. நீ டீ குடிக்கப் போய்டுவ, நான் அந்தக் கம்ப்யூட்டர்ல ஓட்டிக்கினு இருப்பேன். பஸ்ஸு போனா போவுது, அடுத்த பஸ்ஸு வரும்னு உக்காந்திருப்பேன்."

பஸ் கிடைக்கவில்லை என்று அவள் லேட்டாக வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கியதெல்லாம் எனக்குத் தெரியும். பஸ் கிடைக்காமல் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. பிள்ளை என் மடியில் வீல் என்று கத்தி, இரண்டு காதும் குத்தி முடிந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் சீர்த் தட்டுகளை உள்ளே எடுத்து வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு வேட்டி, பிள்ளைக்குப் பாவாடை, தங்கைக்குப் பட்டுச்சேலை. அந்தச் சேலையின் நிறம்கூட மாமியார் சொல்லி நான் எடுத்ததுதான். நான் விமானத்தைக் குட்டி யானையில் ஏற்றப் போனேன். தங்கை வந்து இறக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெச்சுட்டுப் போ" என்றாள்.

மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். "அது யாருக்கு சீரு?" என்றார்.

எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்து, உங்களுக்குத்தான் அத்தை, உங்க இஷ்டம் அத்தை என்கிறவள் என் தங்கை.

"எனக்கு" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பேட்டரி எவ்ளோ நேரம் நிக்கும்ணா?" என்று கேட்டாள்.