மூடாத இடக்கண்

காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக வழிந்து நைட்டியை நனைத்தது. மறுபடி கொப்பளித்தேன், மறுபடியும் வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். முகத்தின் வலது பாதி பயந்துபோயிருந்தது. இடது பாதி எதுவுமே நடக்காததுபோல் அமைதியாக இருந்தது.

கணவரைக் கூப்பிட்டேன். சொற்கள் உதட்டில் நிற்காமல் நழுவின. வந்து பார்த்தவர் உடனே பைக் சாவியை எடுத்தார்.

கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா கொரட்டூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வாசலில் எங்களை நிறுத்தினார். "இன்னாம்மா, மூஞ்சி இப்டி கோணிக்கினு கீது?" என்றவர், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பக்கவாதம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். டாக்டர் புருவத்தை உயர்த்தச் சொன்னார். நெற்றி வலது பக்கம் மட்டும் சுருங்கியது.

"பக்கவாதமா இருந்தா நெத்தி ரெண்டு பக்கமும் சுருங்கும். இது காதுக்குப் பின்னாடி வர்ற முக நரம்போட வீக்கம். பெரும்பாலும் சரியாயிடும்" என்றார்.

மாத்திரையும் சொட்டு மருந்தும் தந்தார். இடது கண் தானாக மூடாது, தூங்கும்போது பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றார்.

அந்த நாட்களில் இடது காதில் எல்லாமே பெரிதாகக் கேட்டது. தட்டில் கரண்டி விழுந்தால் மண்டைக்குள் விழுந்தது. பக்கத்து ஸ்டேஷனைத் தாண்டும் ரயிலின் ஹாரன் கட்டிலுக்கடியில் அலறியது.

ஒரு மதியம் ஒட்ட மறந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது, ஆறு வயது மகள் என் இடப்பக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்ட பேசுற?"

"அவங்ககிட்ட." என் இடது கண்ணைக் காட்டினாள். "நீ தூங்கிட்ட. அவங்க தூங்கல. வெள்ளையா பாத்துட்டே இருந்தாங்க."

"என்ன பேசின?"

"உன்கிட்ட சொல்லக் கூடாதாம்."

மூட முயன்றால் விழி மேலே செருகி வெள்ளை மட்டும் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது தெரிந்தும் அந்தக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டேன். அன்று முழுக்கக் கண்ணாடிப் பக்கமே போகவில்லை.

சில வாரங்களில் கன்னம் துடித்தது. உதடு நேரானது, கண்ணும் மூடியது. ஆனால் நரம்பு திரும்ப வளர்ந்தபோது வழி மாறிவிட்டது. எச்சில் சுரக்க வைக்க வேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டதாம். சாப்பிட உட்கார்ந்தால் இடது கண்ணில் மட்டும் நீர் கொட்டுகிறது.

என் அலுவலகம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மதியச் சாப்பாட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். என் கன்னத்தில் நீர் வழிவதைப் பார்த்தாள். ஏனென்று கேட்கவில்லை.

"எனக்கும் அழணும்போலத்தான்கா இருக்கு" என்று ஆரம்பித்தாள். கரு கலைந்ததையும், வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லாததையும் சொன்னாள். அவள் பார்வை என் இடது கண்ணை விட்டு நகரவேயில்லை.

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவள் நிறுத்துவதாக இல்லை. சாப்பிடுவதை நிறுத்தினால் என் கண்ணீரும் நின்றுவிடும் என்று தெரியும். அவள் பேசி முடிக்கும்வரை மென்றுகொண்டேயிருந்தேன்.