துறைமுகம் இறங்கி முடியும்வரை

திங்கட்கிழமை காலை கந்தோருக்கு வந்து கணினியைத் திறந்தால், ஒரு துறையின் வலைப்பக்கத்தில் துறைமுகத்தைக் காணவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

துறைமுகம் அங்கே வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். சண்டைக்காலம். திருகோணமலையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் வலைத்தளங்களைப் பார்ப்பது என் வேலை. ஐந்து துறைகளுக்கும் ஐந்து தளங்கள். ஒன்றில் குத்துவிளக்கு மினுங்கும், ஒன்றில் எழுத்து ஓடும், ஒன்றில் எதைத் தொட்டாலும் மணியடிக்கும். பணிப்பாளர் ஒருநாள் கூப்பிட்டார்.

"பிள்ளை, அஞ்சும் அஞ்சு கலியாண வீடு மாதிரிக் கிடக்கு. பாக்கிறவைக்கு எல்லாம் ஒரே வளாகம் எண்டு தெரிய வேணும்."

"ஓம் சேர், ஒரு மாசத்தில செய்து தாறன்" என்றேன்.

செய்தும் கொடுத்தேன். ஒரே டெம்ப்ளேட், ஒரே நீலம், ஒரே இலச்சினை. தலைப்பில் அகலமாகத் துறைமுகப் படம். அந்த நாட்களில் துறைமுகப் பக்கம் கமராவைத் தூக்க ஏலாது. பழைய கலண்டர் படத்தைத்தான் ஸ்கேன் பண்ணினேன். தமிழ் எழுத்துரு இல்லாத கணினிகளில் எங்கள் எழுத்து பெட்டி பெட்டியாகத் தெரியும். ஆகவே அறிவித்தல்களையும் படமாக்கியே போட வேண்டும் என்று சட்டம் வைத்தேன். எங்கே திறந்தாலும் ஒரே அழகு! எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அந்தச் சட்டத்தில்தான் நஸீர் சேர் கைவைத்திருந்தார். கிண்ணியாக்காரர், துறைத்தலைவர், சிரித்துக்கொண்டே எதையும் மறுப்பவர். தன் துறைப் பக்கத்தில் துறைமுகத்தைக் கழற்றிவிட்டு, பரீட்சை நாள் சொல்லும் சோதினை அறிவித்தலை வெறும் ஆங்கில எழுத்தில் இரண்டு வரியாகப் போட்டிருந்தார். நேரே அவருடைய அறைக்குப் போனேன்.

"சேர், துறைமுகத்தை எங்க கொண்டு போனீங்கள்?"

"அது சரியான பாரம் மிஸ். எங்கட பிள்ளைகள் மூதூர்லயும் குச்சவெளியிலயும் கொமினிகேஷன் கடையில காசு குடுத்து இன்டர்நெட் பாக்குறாங்க. படம் இறங்க முந்தி கரண்ட் போயிடும்."

"உங்களுக்கு ஒரு சட்டம், மற்றவைக்கு ஒரு சட்டமோ?"

"படம் பாக்கவா மிஸ் வாறாங்க? சோதினை எப்ப எண்டு பாக்கத்தானே வாறாங்க."

திரும்பி வந்து துறைமுகத்தை மாட்டினேன், அறிவித்தலைப் படமாக்கினேன், அவருடைய கடவுச்சொல்லையும் மாற்றினேன். வென்றுவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு பிளேன்டீ குடித்தேன்.

அடுத்த மாதம் சண்டையால் பாதை மூடியது. இறுதியாண்டுச் சோதினை தள்ளிப்போனது. பிறகு திடீரென்று பாதை திறக்க, வெள்ளிக்கிழமை சோதினை என்று செவ்வாய்க்கிழமை தளத்தில் போட்டோம். அழகான நீலத்தில், அழகான எழுத்தில்.

சனிக்கிழமை குச்சவெளி பஸ்ஸில் பவானி வந்து இறங்கினாள். நஸீர் சேரின் மாணவி. கையில் பேனையும் அனுமதி அட்டையும். சோதினை முடிந்துவிட்டது என்று காவலாளி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். ஒரு பாடம் தவறினால் பட்டம் ஒரு வருடம் பின்னுக்குப் போகும்.

"தளத்தில போட்டிருந்தனாங்களே, பாக்கேல்லையா?" என்று கேட்டேன்.

"பாத்தனான் மிஸ். ரெண்டு நாள் போய்ப் பாத்தனான். முதல் நாள் வானம் மட்டும் வந்தது, கரண்ட் போயிட்டுது. மற்ற நாள் கடல் பாதி வந்தது, லைன் அறுந்திட்டுது. அறிவித்தல் இன்னும் போடேல்ல எண்டு நினைச்சன். எப்ப எண்டு நேர கேப்பம் எண்டு எதுக்கும் அட்டையோட வந்தனான்."

துறைமுகம் இறங்கி முடிந்த பிறகுதான் அறிவித்தல் இறங்கும். அப்படிச் செய்தது நான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

நோய் என்றால் மட்டும்தான் சோதினைக் குழு விசேட சோதினை வைக்கும். "காய்ச்சல் வருத்தம் எண்டு எழுதட்டோ மிஸ்?" என்று அவளே கேட்டாள். வேண்டாம் என்றேன். டெம்ப்ளேட்டின் பிழையால் அறிவித்தல் அவளைச் சேரவில்லை, அந்தப் பிழை என்னுடையது, ஒரு துறைத்தலைவர் எச்சரித்தும் நான் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பணிப்பாளர் இரண்டு தரம் வாசித்தார்.

"இதைக் குடுத்தால் உங்கட ஃபைலில ஏறும் பிள்ளை."

"ஏறட்டும் சேர். அவவின்ர வருசம் போகக்கூடாது."

ஃபைலில் ஏறியது. அந்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வும் இல்லை. ஆனால் குழு சம்மதித்தது.

நஸீர் சேரிடம் புதிய கடவுச்சொல்லை எழுதிக்கொண்டு போனேன். "சட்டம் மாறிட்டுதோ மிஸ்?" என்று சிரித்தார். மாறித்தான் இருந்தது. வளாகத்தின் பெயர், சின்ன இலச்சினை, அறிவித்தல் இருக்கும் இடம், இந்த மூன்றில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது. அறிவித்தல் மேலே, நஸீர் சேர் போட்டதுபோல வெறும் ஆங்கில எழுத்தில். மற்றதெல்லாம் துறைகளின் விருப்பம். குத்துவிளக்கும் திரும்பி வந்தது, மினுங்கட்டும் என்று விட்டேன்.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: உங்கள் பக்கத்தைப் பணிப்பாளரின் கணினியில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஆகக் கடைசிக் கடையில் திறந்து பாருங்கள். அன்றைக்கு நானே போய்ப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் புதிய பக்கத்தை முதல் தடவை திறந்து பார்க்கப் பவானியைக் கேட்டேன். குச்சவெளிக் கடையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மிஸ், வந்திட்டுது. என்ர சோதினை வாற புதன், ஒன்பது மணிக்கு."

"துறைமுகம்?" அதைப் பக்கத்தின் அடியில் சின்னதாக வைத்திருந்தேன். மனம் கேட்கவில்லை.

"அது இன்னும் வரேல்ல மிஸ். நிண்டு பாக்கட்டோ?"

"வேண்டாம், நீ போய்ப் படி" என்றேன்.